இரண்டு மருந்துகளிலும் இருந்த ஒரு சொல்

அறையில் என்னோடு தங்கியிருந்த அண்ணன் சிங்காரப்பேட்டைக்காரர். ஓசூரில் நான் ஒரு கம்பெனி, அவருக்கு வேறொரு கம்பெனியில் ஒப்பந்த வேலை. காசநோய் என்று தெரிந்து அரசு ஆஸ்பத்திரி மாத்திரையை ஆரம்பித்த மூன்றாம் நாள், லைன் வீட்டுக் கழிப்பறையிலிருந்து கத்தினார்.

"டேய் தம்பி, இங்க வா. இது ரத்தமாடா?"

பார்த்தேன். சிறுநீர் நல்ல ஆரஞ்சு நிறம். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். எதுவானாலும் எங்காவது எழுதியிருப்பார்கள் என்று நம்புகிறவன். மாத்திரை அட்டையின் பின்னால் இருந்த பெயர்களை ஒவ்வொன்றாகப் போனில் தேடினேன். அதில் ரிபாம்பிசின் என்ற மருந்துதான் காரணம்.

"பயமில்லண்ணா. கண்ணீர்கூட இந்தக் கலர்லதான் வருமாம்."

"அதுக்காவ என்ன அழவெச்சிப் பாத்துராதடா."

சில நாள் கழித்து, வாசலில் உட்கார்ந்திருந்தவர் பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்துவரச் சொன்னார். அட்டைக்கு அடியில் ஒரு வெள்ளை டப்பா. அதற்குள் மடித்த தாள். எச்.ஐ.வி.க்கான மருந்து என்று முதல் வரியிலேயே இருந்தது. அங்கேயே மடித்து வைத்திருக்க வேண்டும். கண் கீழே ஓடியது. பொடி எழுத்தில் மறுபடியும் ரிபாம்பிசின்.

"எவன்டா உன்ன அதத் தொடச் சொன்னது?"

அண்ணன் பின்னால் நின்றிருந்தார். நான் தாளை மடிக்கவில்லை. அவர் முறைத்துவிட்டுப் பாயில் உட்கார்ந்தார். நாலு வருடமாகச் சாப்பிடுகிறாராம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பஸ் ஏறி, அத்திப்பள்ளி தாண்டி கர்நாடகத்தில் வாங்குவாராம். அங்கே கன்னடம்தான் பேசுவாராம்.

"இங்க வரிசையில நின்னா நம்ம ஆளு எவனாச்சும் பாப்பான். காசநோய்னதும் எச்.ஐ.வி. இருக்கான்னு ரத்தம் எடுக்கணும்னாங்க. முன்னியே பாத்தாச்சு, ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டேன். ரெண்டு மாத்திரையும் ஒருநாள்கூட நான் உட்டதில்லயே, அப்பறம் என்ன?"

"உடலதான். ஆனா காசநோய் மாத்திரை உள்ள போனா இந்த மாத்திரையோட பலம் கொறஞ்சிருதாம்ண்ணா."

"அப்ப நாலு வருசமா அடக்கி வெச்சது?"

"கிருமி மறுபடி ஏறலாம். டாக்டர் இத இன்னொரு வேளை சேத்துக் குடுக்கணும்னு போட்டிருக்கு. அவருக்குத் தெரிஞ்சாத்தான குடுப்பாரு?"

"எங்க போட்டிருக்கு, காட்டு."

அவருக்கு ஆங்கிலம் தெரியாது. அட்டையையும் தாளையும் அருகருகே வைத்து, விரலால் அந்தப் பெயரை ஒவ்வொரு எழுத்தாக ஒத்துப் பார்த்தார். கடைசி எழுத்து வந்ததும் இன்னொரு தடவை முதலிலிருந்து பார்த்தார்.

"ஒண்ணேதான்டா" என்றார்.

மறுநாள் அட்டையையும் டப்பாவையும் ஒரே கவரில் போட்டுக்கொண்டு ஓசூர் ஆஸ்பத்திரிக்கே கிளம்பினார். "கேட் வரைக்கும் வா. உள்ள நானே சொல்லிக்கிறேன்."

வெளியே வர வெகுநேரமானது.

"சாயந்தரத்துக்கு ஒண்ணு சேத்துட்டாங்க. திட்டல. எங்க ஷிப்டு ஆளு ஒருத்தன் அந்த மாத்திரை வரிசையில நின்னான்."

"உங்களப் பாத்தாரா?"

"பாத்தான். அவன் கையிலயும் ஒரு கவரு. என்னான்னு நான் கேக்கல, அவனும் கேக்கல."