சேற்றுப் படமும் சேலைப் படமும்

"காது தெரியணும்லா" என்று சொல்லிக்கொண்டே சுலைகாக்கா எதிரில் இருப்பவரின் முடியை இரண்டு விரலால் காதுக்குப் பின்னால் தள்ளிவிடுவாள். தாராவியில் அவளுடைய போட்டோக் கடையில் பாஸ்போர்ட், பான் கார்டு, பள்ளி அடையாள அட்டை என்று எதற்கு உட்கார்ந்தாலும் இதுதான் நடக்கும். மூன்றாம் வகுப்பிலிருந்து பட்டம் வாங்கும் வரைக்கும் என் காதுகளை வெளியே எடுத்துவிட்டது அவள்தான்.

வெள்ளிக்கிழமை கடை கிடையாது. அன்று மாஹிமில் ரயிலேறி, விராரில் மாறி, வைதர்ணா ஆற்றங்கரைக்குப் போவாள். அங்கே மீன் பிடிக்கிறவர்கள், சிப்பி பொறுக்குகிறவர்கள், தோணி விடுகிறவர்கள் எல்லோரையும் வருடக்கணக்காகப் படம் எடுக்கிறாள். சிக்கல் என்னவென்றால் அங்கேயும் காது தெரியவேண்டும். கூடையை இறக்கச் சொல்வாள். சட்டைப் பொத்தானைப் போடச் சொல்வாள். ஆறு அவர்களுக்குப் பின்னால் நீலத் துணி மாதிரி அசையாமல் தொங்கும்.

"எல்லா மூஞ்சியும் விசாவுக்கு நிக்குத மாதிரியே வருதுளா. கை பழகிட்டு, என்ன செய்ய?" என்று அவளே சிரிப்பாள்.

எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். அதுவும் ஊடகப் படிப்பு. வேலை இன்னும் கிடைக்கவில்லை. அதனால் கருத்து நிறைய இருக்கிறது. "ஆளுக்குத் தெரியாம எடுக்கணும்க்கா. அப்பதான் உண்மை வரும்" என்று சொல்லிக்கொடுத்தேன். நான் இதுவரை அப்படி எடுத்தது எங்கள் வீட்டில் கருகிய சப்பாத்தி ஒன்றைத்தான்.

போன மழைக்குப் பிறகு என்னையும் கூட்டிப்போன ஒருநாள் அக்கா அதைச் செய்தும் பார்த்தாள். சிப்பி பொறுக்கும் சிந்து மாவ்ஷி, மராத்தியில் சித்தி, முழங்கால் சேற்றில் குனிந்து, கன்னத்தில் சேறு வழிய, வாய் பிளந்து தோணிக்காரனைத் திட்டிக்கொண்டிருந்தாள். கேமராத் திரையில் பார்த்ததும் எனக்குப் புல்லரித்தது. மாவ்ஷியும் பார்த்து முதலில் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு முகம் மாறியது.

"யே கிஸீ கோ மத் திகானா, சுலைகா."

யாருக்கும் காட்டாதே என்கிறாள். மகனுக்குப் பெண் பேசிக்கொண்டிருக்கிறார்கள். சம்பந்தி வீட்டார் இந்த வாயைப் பார்த்தால் பெண் தரமாட்டார்களாம். வீட்டுக்குப் போய்ப் பச்சைச் சேலை உடுத்தி, மூக்கில் நத்து மாட்டி வந்து படத்துக்கு நின்றாள். இதைப் பெரிதாக்கிக் கொண்டுவா, கல்யாணத்தன்று சுவரில் மாட்டவேண்டும் என்றாள். அக்கா இரண்டுக்கும் தலையாட்டினாள்.

தென் பம்பாயில் ஃபோர்ட் பக்கம் ஒரு கண்காட்சிக்கு ஆற்றோர மக்களின் படங்களைக் கேட்டிருந்தார்கள். பச்சைச் சேலையை அனுப்பினோம். 'இயல்பாக ஏதாவது இருக்கிறதா?' என்று மரியாதையாகக் கேட்டு எழுதினார்கள். அன்று முழுக்க அக்கா யாருடைய காதையும் பார்க்கவில்லை. சாயங்காலம், "அவ எங்க ஃபோர்ட் பக்கம் வரப் போறா" என்று தனக்கே சொல்லிக்கொண்டு சேற்றுப் படத்தை அனுப்பினாள். படத்தின் கீழே ஒட்டும் குறிப்பை நான் எழுதினேன். 'கண்ணியம்' என்ற சொல் அதில் இரண்டு இடத்தில் வரும்.

கண்காட்சிச் சுவரில் மாவ்ஷி ஆள் உயரத்துக்கு நின்று திட்டினாள். அக்கா படத்தின் பக்கம் போகவில்லை. பக்கத்தில் ஒட்டியிருந்த தன் பெயரைத்தான் தடவிப் பார்த்தாள். "எங்க உம்மா பாத்திருக்கணும்ளா."

சேலைப் படம் சட்டம் போட்டு, செய்தித்தாள் சுற்றி, கடையில் இருக்கிறது. மாவ்ஷி போன் செய்வாள். "போட்டோ கப் லாயேகி?" எப்போது கொண்டுவருவாய்? "இந்த வெள்ளி பக்கா, மாவ்ஷி." கல்யாணம் அடுத்த வாரம்.

இன்று வெள்ளிக்கிழமை. கடை திறந்திருந்தது.

"போகலியாக்கா?"

"மெகா பிளாக்குளா. வண்டி ஓடாது."

தண்டவாள வேலைக்கு வண்டியை நிறுத்துவது ஞாயிற்றுக்கிழமைதான் என்று பம்பாயில் எல்லோருக்கும் தெரியும். நான் அதைச் சொல்லவில்லை. கூட வருகிறேன் என்றும் சொல்லவில்லை. கண்ணியத்தைப் பற்றி எழுதச் சொன்னால் உடனே உட்கார்ந்திருப்பேன்.

அக்கா பார்சலை மடியில் எடுத்து வைத்தாள். மேலே படிந்திருந்த தூசியைத் துப்பட்டா முனையால் மூலைமூலையாகத் துடைத்தாள். பிறகு அதே இடத்தில் சாய்த்து வைத்தாள்.