அரண்மனைத் தோட்டத்தில் கேட்ட சங்கு

என் மனைவிக்கு நுரையீரல் சுருங்கிக்கொண்டே வந்தது. இனி சரியாகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஜெர்மனியில் வேலை செய்யும் மகன், "இப்ப வுட்டா எப்பம்மா வரப்போற?" என்று எங்களைக் கூப்பிட்டுக்கொண்டான்.

அங்கே ஆற்றில் போகும் கப்பலில் கூட்டிப்போனான். கரையில் நிறுத்துவார்கள். இறங்கி அரண்மனை பார்த்துவிட்டு ஏற வேண்டும். முதல் இரண்டும் மேட்டில் இருந்தன. அவளால் ஏற முடியவில்லை. கப்பலிலிருந்தே பார்த்தாள்.

"யோவ், இம்மாம் பெரிய ஊட்ட யாருய்யா பெருக்குவா?"

கொரட்டூரில் ஐந்து வீடு பெருக்கியவள் அவள்.

மூன்றாவது சமதரையில் இருந்தது. பின்னால் தோட்டம். கடைசியில் ரோஜா. மகன் அனுப்பிய படத்தில் முன்பே பார்த்திருந்தாள்.

"அந்த ரோஜா கிட்ட போய்க் குந்தணும்யா. அது போதும்."

மகன் சக்கர நாற்காலி கேட்கப் போனான். அவளுக்குப் பொறுக்கவில்லை. நடந்தோம். பத்தடிக்கு ஒருமுறை நின்றாள். பாதியில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தாள். அங்கிருந்து ரோஜா சிவப்பாகத் தெரிந்தது.

ஆற்றுப் பக்கம் சங்கு ஊதியது.

நான் பாடி ஃபேக்டரியில் முப்பத்தொரு வருஷம் லேத் ஓட்டியவன். சங்கு ஊதினால் டீ கிளாஸை அப்படியே வைத்துவிட்டு ஓடுவோம். ஊதி நிற்பதற்குள் உள்ளே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கேட்டைச் சாத்திவிடுவார்கள்.

"ஏந்திரு மே. கப்பல் பூடும்."

"நேரம் கீதுன்னு புள்ள சொன்னானே."

"சங்கு ஊதிட்டான். வா."

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தேன். ஓட்டம்தான் அது. அவளுக்குப் பேச மூச்சு இல்லை.

கரையில் எங்கள் கப்பல் கட்டியபடியே நின்றது. ஊதியது வேறு கப்பல். மணல் ஏற்றிக்கொண்டு வளைவில் திரும்பிக்கொண்டிருந்தது.

மகன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தான். "இன்னா நைனா, இன்னும் ஒரு மணி நேரம் கீதே."

அவள் உதடு நீலமாகி இருந்தது. கப்பலில் ஆக்சிஜன் வைத்தார்கள். இனி எங்கேயும் இறங்கக் கூடாது என்றார்கள்.

கொஞ்சம் மூச்சு வந்ததும் என்னைப் பார்த்துச் சிரித்தாள். "ரிட்டையர் ஆகியும் ஓடுறியேய்யா."

அதற்குப் பிறகு தோட்டத்தைப் பற்றி அவள் பேசவில்லை. நானும் பேசவில்லை.

ஊர் திரும்பிய நாலாம் மாதம் போய்விட்டாள். மகன் வந்தான். ரோஜா மாலை வாங்கிவந்து என்னிடம் நீட்டினான்.

அவனையே போடச் சொன்னேன்.