சத்தமாகப் பாடியவர்

ரத்த அழுத்தம் குறைய நாலு பேரோடு சேர்ந்து பாடிப் பாருங்கள் என்று டாக்டர் சொன்னார். அதனால்தான் அந்தக் கூட்டத்துக்குப் போக ஆரம்பித்தேன். ஆரணியில் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில், சனிக்கிழமைதோறும் மாலையில் கூடுவோம். மேஜைகளில் ரசக் கறை காய்ந்திருக்கும். கை கழுவும் இடத்திலிருந்து ஊசிப்போன மோர் நாற்றம் வரும். பதினாலு பேர், எல்லாரும் அறுபதைத் தாண்டியவர்கள். ஓய்வு பெற்ற பாட்டு டீச்சர் ஒருவர் பக்திப் பாட்டுகள் சொல்லிக்கொடுத்தார்.

என் பக்கத்து நாற்காலிக்காரர் நாற்பது வருடம் விசைத்தறி ஓட்டியவர். தறிச் சத்தத்தில் காது போய்விட்டது. ஓடுகிற தறியோடு போட்டி போடுகிற மாதிரியே பாடுவார், எச்சில் தெறிக்க. என் சட்டைக் கையில் விழுந்ததை அவர் பார்க்கும்படியே துடைத்திருக்கிறேன்.

"சம்சாரம் போனதுலருந்து தூக்க மாத்திரதான் சார். ரெண்டு போட்டாலும் முழிச்சிகினுதான் கெடப்பேன். இங்க வந்து கத்திட்டுப் போனா ஒண்ணு போதும்," என்றார் ஒரு நாள். அந்தப் பாட்டு எங்களில் வேறு யாருக்கும் அவ்வளவு தேவைப்படவில்லை.

ஆடி மாதம் அம்மன் கோயில் மேடையில் பாடக் கூப்பிட்டார்கள். ஒத்திகையில் அவர் இரண்டு வரி முந்திக்கொண்டு போய், தனியாகப் பாட்டை முடித்தார். பின்வரிசையில் ஓர் அம்மாள், "மில்லு சங்கு ஊதிடுச்சி, ஜல்தியா ஊட்டுக்குப் போலாம் வாங்க," என்றார். எல்லாரும் சிரித்தோம். எதற்கென்று தெரியாமல் அவரும் சிரித்தார்.

எதிரே நின்ற டீச்சர் என்னைப் பார்த்து, குரல் எழுப்பாமல், வாயை மட்டும் அசைத்தார்: "பேஜாரா போச்சி சார். மேடைக்கு வர வேணாம்னு நீங்களே சொல்லிடுங்க."

நானும் குரலில்லாமல், "கிழவனக் கழட்டி வுட்டுட்றேன்," என்றேன்.

விசைத்தறிக் கொட்டகையில் யார் குரலும் யாருக்கும் கேட்காது. அங்கே பேச்செல்லாம் உதட்டைப் பார்த்துத்தான். பத்திரிகை வேலையில் இருந்தபோது நானே அதை எழுதியிருக்கிறேன்.

அவர் டீச்சரின் வாயையும், திரும்பி என் வாயையும் பார்த்தபடிதான் இருந்திருக்கிறார். "நீங்க கழட்ட வேணாம் சார். நானே போய்ட்றேன்," என்று கூடமே அதிரச் சொல்லிவிட்டு எழுந்தார். யாரும் தடுக்கவில்லை.

மேடையில் சுத்தமாகப் பாடினோம். 'முதியோரின் மன பாரம் போக்கும் கூட்டுப்பாட்டு' என்று மைக்கில் அறிவித்து, ஆளுக்கொரு சால்வை போர்த்தினார்கள். கசகசத்த கழுத்தில் ஒட்டிக்கொண்ட அந்த நைலானை, மேடை இறங்கும் முன்பே உருவிச் சுருட்டினேன்.

மறுநாள் காலை அவர் வீட்டுக்குப் போனேன். "மாமா உள்ளதான் கீறாருங்க. மாத்திர மறுபடியும் ரெண்டாயிடுச்சி," என்றார் மருமகள்.

அவருக்கு நேர் எதிரே உட்கார்ந்து, உதடுகளை நன்றாக அசைத்து, "தப்பு என்னுதுதாங்க, திரும்பி வாங்க" என்று தொடங்கினேன். பாதியிலேயே அவர் கண்களை மூடிக்கொண்டார். நான் இன்னும் கொஞ்சம் பேசினேன்.

"கண்ண மூடிட்டாருன்னா அவ்ளோதாங்க," என்றார் மருமகள். "நீங்க யாருகிட்ட பேசிகினு கீறீங்க?"