கொழுக்கட்டைக்குப் பிறகு நடந்தவன்

அரிசிமாவும் வெல்லமும் தேங்காயும் ஆவியில் வேகிற வாசனை எழுந்தால், கூத்தாநல்லூரில் எங்கள் தெருப் பிள்ளைகள் முதலில் கேட்பது, "யாரு வீட்டுப் புள்ள என்ன பண்ணுச்சு?" என்றுதான். குழந்தை குப்புற விழுந்தாலும், பல் முளைத்தாலும், முதல் எட்டு வைத்தாலும் அந்த வீட்டில் கொழுக்கட்டை அவித்துத் தெரு முழுக்கக் கொடுத்துவிட வேண்டும். முளைத்த பல்லுக்கு "பல்லுக் கொழுக்கட்டை", வைத்த எட்டுக்கு "நடைக் கொழுக்கட்டை". குழந்தை வளர்வது பெரியவர்களுக்கு என்னவாக இருந்ததோ, எங்களுக்கு அது தின்கிற விஷயம்.

எனக்கு ஒன்பது வயதானபோது தம்பி ரியாஸ் பிறந்தான். அத்தா சவூதியில் வேலை பார்த்தார். வெள்ளிக்கிழமை தோறும் போனில் வருவார். மூடியே கிடந்த தம்பியின் கை எப்போது விரிந்தது, அவன் தன் கால் கட்டைவிரலைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டபோது அந்தக் கால் தன்னுடையதுதான் என்று அவனுக்குத் தெரிந்திருக்குமா, இப்படியெல்லாம் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்துகூட யோசித்துக்கொண்டிருப்பேன். குப்புற விழுவதையும் பல் முளைப்பதையும் அவன் நேரத்துக்குச் செய்தான். நடைதான் வரவில்லை. ஒரு காலை மடித்து உட்கார்ந்து, மறு காலால் தரையைத் தள்ளித் தள்ளி அவன் வீடெல்லாம் சுற்றினான். அந்த வேகத்தில் போகிறவனுக்கு நடக்க வேண்டிய அவசியம்தான் என்ன என்று எனக்குத் தோன்றும்.

அம்மாவுக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு வயதும் இரண்டு மாதமும் ஆனபோது ஆட்டுக்கால் சூப்பு வைத்துக் கொடுத்தாள். ஆற்று மணலில் குழி தோண்டி இடுப்பளவுக்கு அவனை நிற்க வைத்தாள். திருவாரூரில் டாக்டர், காலில் ஒரு குறையும் இல்லை, பொறுங்கள் என்றார். ஆனால் பக்கத்துத் தெருவில், எட்டு வயதாகியும் தாயின் இடுப்பிலேயே போய் வந்த ஒரு பையன் இருந்தான். அந்த வீட்டைத் தாண்டிப் போவதை அம்மா நிறுத்தியிருந்தாள். கடைத்தெருவுக்குச் சுற்றிக்கொண்டு போனோம்.

ஒருநாள் எதிர்வீட்டு மைமூன் மாமி நாலு பேர் இருக்கும்போது கேட்டுவிட்டார். "ஒண்ணேகால் வயசாச்சே, இன்னுமா எட்டு வைக்கல? நல்லா விசாரிச்சியா?" அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அடுத்த நொடி, "நேத்தே நடந்துட்டான் மாமி! மூணு எட்டு வச்சான்!" என்று சொல்லிவிட்டேன். அம்மா மறுக்கவில்லை. கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். பிறகு எழுந்துபோய் அரிசியை ஊறப்போட்டாள்.

மறுநாள் தெரு முழுக்கத் தட்டெடுத்துப் போனவள் நான்தான். என் தலையைத் தடவாத கை இல்லை, "மாஷா அல்லாஹ்" சொல்லாத வாய் இல்லை. குற்ற உணர்வு இருந்தது என்று எழுத ஆசைதான். உண்மையில் நான்கு கொழுக்கட்டை தின்றேன். மைமூன் மாமியின் மகனும் அத்தா இருந்த ஊரில்தான் வேலை பார்த்தான். வெள்ளிக்கிழமை போன் வந்தபோது அத்தாவின் குரல் ரிசீவருக்கு வெளியே கேட்டது. "நடந்துட்டானாமே! ரூம்ல எல்லாருக்கும் மிட்டாய் வாங்கிக் கொடுத்தேன்!" அம்மா, "ஆமாங்க" என்று மட்டும் சொன்னாள்.

அதற்குப் பிறகுதான் எங்களுக்கு வேலை கூடிற்று. யார் வந்தாலும் தம்பி "தூங்குறான்". விழித்திருக்கும்போது வந்துவிட்டால், அவன் தரையில் நகர ஆரம்பிப்பதற்குள் அம்மா அள்ளி இடுப்பில் வைத்துக்கொள்வாள். இப்படியே மூன்று மாதம் போனது. நடக்காத பிள்ளையை நடந்ததாகச் சொல்லிவிட்டு, அவன் காலைத் தரையில் படவிடாமல் செய்துகொண்டிருக்கிறோம் என்பது ஒருநாள் எனக்கு உறைத்தது. என்னால்தான் இவன் நடக்காமலே போய்விடுவானோ என்று பயந்து அழுதேன். அன்றிலிருந்து பள்ளி விட்டு வந்ததும் கொல்லைக் கதவைச் சாத்திவிட்டு அவனைக் கீழே விடுவேன். அரிசி மூட்டையைப் பிடித்து எழுந்து நிற்பான். கையை விடச் சொன்னால் சிரிப்பான், விடமாட்டான்.

பத்தொன்பதாவது மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்மா கொல்லையில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். பூனை ஒன்று மீன் தலையைக் கவ்விக்கொண்டு நழுவியது. கொல்லை வாசலில் அரிசி மூட்டையைப் பிடித்து நின்ற தம்பி கையை விட்டுவிட்டு அதன் பின்னால் போனான். ஐந்து எட்டு. பிறகு பொத்தென்று உட்கார்ந்து, பூனை போன திசையைக் காட்டி எங்களிடம் புகார் சொன்னான். அம்மா, "மைமூனக்கா!" என்று கத்த வாயைத் திறந்தாள். உடனே செதில் ஒட்டிய கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவன்தான் ஏற்கெனவே நடந்துவிட்டவன் ஆயிற்றே. அவ்வளவு பெரிய சந்தோஷத்தை நாங்கள் இரண்டு பேரும் சத்தம் போடாமல் கொண்டாட வேண்டியிருந்தது. அம்மா அவன் பாதங்களை முகத்தில் அழுத்திக்கொண்டு அழுதாள். அன்று முழுக்க அவன்மேல் மீன் வாடை அடித்தது.

பிறகு அவன் வளர்ந்ததெல்லாம் யாரும் கவனிக்காமல் நடந்தது. விழுந்த பாற்பல்லைக் கூரைமேல் எறிந்தான். பதினான்கு வயதில் ஒரு வெள்ளிக்கிழமை அவன் போனை எடுக்க, அத்தா தன் மகனிடமே, "யாரு, மச்சானா?" என்று கேட்டார். தம்பிக்குக் குரல் உடைந்திருந்தது. பல்லுக்கும் நடைக்கும் அடுப்பு மூட்டிய தெரு, அதற்கு ஒன்றும் செய்யவில்லை. ஏன் என்று இன்றும் எனக்குத் தெரியாது.

இப்போது எங்கள் தெருவில் நடைக் கொழுக்கட்டையும் இல்லை. குழந்தை எட்டு வைத்தால் செல்போனில் படம் பிடித்து ஸ்டேட்டஸ் போடுகிறார்கள். அந்த வாசனை எழுந்து வருடங்கள் ஆகின்றன. அத்தா ஊரோடு வந்துவிட்டார். என் மகளுக்குப் பதினாறு மாதம். அவளும் உட்கார்ந்தே நகர்கிறாள். போன வாரம் அத்தா கவலையோடு, "இவ மாமன் ஒண்ணேகால் வயசுல நடந்தவன். இவளுக்கு ஏன் வரல? நல்லா விசாரிச்சியா?" என்றார். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா தரையைப் பார்த்தாள்.

"இல்லத்தா. அவன் பத்தொம்போது மாசத்துலதான் நடந்தான். நான் பொய் சொன்னேன்" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

கோபப்படுவார் என்று நினைத்தேன். அத்தா என்னை விட்டுவிட்டு அம்மாவின் பக்கம் திரும்பினார்.

"அப்ப நெசமா நடந்தப்ப நீ பார்த்தியா?"

"பார்த்தேங்க."

"எந்தக் கால முதல்ல வச்சான்?"

எனக்கு நினைவில்லை. அம்மா யோசிக்கவே இல்லை.

"வலது காலுங்க."