அவர் விட்டுவந்த கிட்டார்

அவரைப் புளுகன் என்று முதலில் சொன்னவன் நான்தான். எண்பதுகளில், லண்டனில் வெம்பிளிப் பக்கம் ஒரு பாண் பேக்கரியில் நாங்கள் ஒரே ஷிப்டில் தட்டுத் தூக்கினோம். அவர் செர்பியர், பெல்கிரேட்காரர். அறுபதுகளில் அங்கே பீட்டில்ஸ் பாணியில் ஒரு பீட் இசைக்குழுவில் கிட்டார் வாசித்ததாகத் தேத்தண்ணி நேரமெல்லாம் சொல்லுவார். நான்கு பள்ளித் தோழர்கள் ரேடியோவில் கேட்ட ஆங்கிலப் பாட்டுகளைப் பொருள் விளங்காமலே பாடத் தொடங்கினார்களாம். இரண்டே வருடத்தில் நடன மண்டபங்கள் நிரம்பி வழிந்தனவாம், இசைத்தட்டும் வந்ததாம்.

"ஓமோம், மகாராணியும் வந்து மாலை போட்டிருப்பா!" என்று அதே ஷிப்டில் நின்ற என் தமிழ்க் கூட்டாளியிடம் தமிழில் நக்கலடிப்பேன்.

அந்தக் குழுவில் ஒரு வழக்கம் இருந்தது. அந்த நாட்டில் இளைஞர் எல்லோரும் கட்டாயம் பட்டாளத்துக்குப் போகவேண்டும். ஒருவர் போனால் அவர் இடத்துக்கு இன்னொருவர் வருவார். போனவர் திரும்பிய அன்றே, வந்தவர் கருவியைக் கொடுத்துவிட்டு இறங்கிவிடவேண்டும். டிரம்ஸ்காரர் தொடங்கி எத்தனை பேர் மாறியும் இது மட்டும் மாறவில்லையாம். இவர் கிட்டாரை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு, ஒரு வருடம் உழைத்துப் போகலாமென்று லண்டன் வந்தவர். கலியாணம், பிள்ளைகள் என்று பதினெட்டு வருடம் ஓடிவிட்டது. ஆனாலும் "என் இடம் அங்கே இருக்கிறது" என்பார்.

"பதினெட்டு வருசமா ஆர் வைச்சுக்கொண்டிருப்பாங்கள்? உந்தாளுக்கு விசர்!" என்றேன் கூட்டாளியிடம்.

ஒருநாள் முகம் வெளிறி வந்தார். அந்தக் குழு லண்டனில் வாசிக்க வருகிறதாம். தனியே போகப் பயம். "என்னைத் தெரியாது என்று சொல்லிவிட்டால்?" என்று கேட்டார். பாவமாக இருந்தது. கூடப் போனேன்.

மேடையில் ஐந்து பேர். பழையவர்களில் பாடகர் மட்டுமே மிச்சம் என்றார் இவர். இவர் இடத்துக்கு வந்த கிட்டார்காரருக்கும் தலை நரைத்துவிட்டது. மூன்றாவது பாட்டின் நடுவில் பாடகர் சட்டென்று நிறுத்தி, எங்கள் வரிசையையே உற்றுப் பார்த்தார். மைக்கில் தங்கள் மொழியில் ஏதோ சொன்னார். அந்தக் கிட்டார்காரர் வாரைக் கழுத்திலிருந்து கழற்றினார், படியிறங்கி வந்தார், இரண்டு கையாலும் கிட்டாரை இவர் முன் நீட்டினார்.

ஐயோ கடவுளே! இவர் சொன்னதெல்லாம் உண்மை!

இவர் மேடையேறினார். சூட்டுத் தட்டுத் தூக்கி விறைத்த விரல்கள் இரண்டு இடத்தில் தடுமாறின. பாடகர் அவருக்காகப் பாட்டை மெதுவாக்கினார். கிட்டாரைக் கொடுத்தவர் என் பக்கத்தில் வெறுங்கையோடு நின்றார். அது இனித் திரும்பி வருமோ என்று அவருக்கும் தெரியாது. ஆனாலும் தாளம் தட்டிக்கொண்டே நின்றார்.

பாட்டு முடிந்ததும் இவர் இறங்கி வந்து, தன் கையாலேயே கிட்டாரை அவர் கழுத்தில் மாட்டிவிட்டார். "இனி இது உன் இடம் என்று சொன்னேன்" என்றார் என்னிடம், அழுதுகொண்டே.

திங்கட்கிழமை வழமைபோல ஷிப்டுக்கு வந்தார். முதல் கோப்பையை அவரிடம் நீட்டி, "அண்ணை, தேத்தண்ணி" என்றேன்.

"ஆரடா உனக்கு அண்ணை?" என்று கேட்டான் கூட்டாளி.

"இவர்தான்" என்றேன்.