பாய் விரிக்காத மணியம்மாள்

பஸ் ஸ்டாண்டு பக்கம் இட்லிக் கடை வைத்திருந்த மணியம்மாள், பொறுமை என்றால் கிலோ என்ன விலை என்று கேட்கிறவள். 1992-ல் வீட்டுக்குச் சிவப்புத் தரை போட்டபோதும் அப்படித்தான். "நல்லா செவக்கணும், காவிப் பொடிய ஜாஸ்தியா போடு" என்று கொத்தனாரை விரட்டினாள்.

"ஜாஸ்தி போட்டா துணியில ஒட்டும்க்கா" என்றார் அவர். கேட்டால்தானே! தரை காய்ந்ததும் தேங்காய் எண்ணெய் ஊற்றித் தேய்தேய் என்று தேய்த்தாள். குனிந்தால் முகம் தெரிந்தது. அடடா, அவளுக்கு வந்த பெருமையைப் பார்க்கணுமே!

அந்த வாரமே மகள் அன்புச்செல்வியைப் பெண் பார்க்க வந்தார்கள். பையன் புகழேந்தி, பள்ளிக்கூட வாத்தியார். தங்கமான பிள்ளை. இந்த இடம் கைநழுவக் கூடாது என்று மணியம்மாள் அண்ணாமலையாருக்குக் கற்பூரம் ஏற்றாத நாளில்லை. ஆனால் அவன் அப்பா இராமலிங்கம் அன்று சாயங்காலமே பக்கத்து ஊரான வேங்கிக்காலில் இன்னொரு பெண்ணையும் பார்ப்பதாக இருந்தார். அது மணியம்மாள் காதுக்கும் எட்டியிருந்தது.

"பாய் விரிம்மா" என்றாள் மகள்.

"பாய் விரிச்சா தரை எப்படிடீ தெரியும்? சும்மா இரு."

அப்பாவும் பிள்ளையும் வெள்ளை வேட்டியோடு வெறுந்தரையில் உட்கார்ந்து கேசரி சாப்பிட்டார்கள். "சொல்லி அனுப்புறோங்க" என்று இராமலிங்கம் எழுந்து திரும்பினார். வேட்டியின் பின்பக்கம் தோசைக்கல் அளவுக்குச் சிவப்பு! பிள்ளை வேட்டியிலும் அப்படியே! மணியம்மாள் வாயைத் திறப்பதற்குள் இருவரும் படியிறங்கிவிட்டார்கள்.

தெரு சும்மா விடுமா? "என்னங்க, மணியம்மா வீட்ல பொண்ணு பாத்துட்டு வர்றீங்களா? முத்திரை பலமா விழுந்திருக்கே!"

கொஞ்ச நேரத்தில் இராமலிங்கம் இடுப்பைச் சுற்றித் துண்டோடு திரும்பி வந்தார். பின்னாலேயே புகழேந்தி, சிரிப்பை அடக்கிக்கொண்டு. "இந்தக் கோலத்துல இன்னொரு வீட்டுக்கு எப்படிம்மா போறது? மாத்து வேட்டி இருந்தா குடுங்க."

மணியம்மாள் ஓடிப்போய் பீரோவிலிருந்து இரண்டு புது வேட்டி எடுத்தாள். எடுத்தவள் சும்மாவா கொடுப்பாள்? தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, மஞ்சளோடு வைத்து நீட்டினாள். அப்படி வைத்துக் கொடுப்பது சம்பந்திக்குத்தான். வாங்க வந்த இராமலிங்கத்தின் கை பாதியில் நின்றது.

புகழேந்தி சட்டென்று ஒன்றை எடுத்துக்கொண்டு உள்ளே போனான். கட்டிக்கொண்டு வந்து, "எனக்கு அளவா இருக்குப்பா" என்றான். சமையலறையில் அன்புச்செல்வி களுக்கென்று சிரித்தாள்.

இராமலிங்கம் பிள்ளையைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "அப்ப எனக்கு மட்டும் எதுக்குத் துண்டு? குடுங்க சம்பந்தி!"

அப்புறம் வருஷா வருஷம் அண்ணாமலையார் தீபத்துக்கு அவர் வரும்போது மணியம்மாள் முதல் வேலையாகப் பாய் விரிப்பாள். அவர் அதைச் சுருட்டி ஓரமாக வைத்துவிட்டு, தரையில்தான் உட்காருவார்.