தூலூஸ்காரரின் வலது கை

போன வாரம் புதுச்சேரி சாரம் பகுதியிலிருந்து டவுன் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். உட்கார இடமில்லை. என் முகத்துக்கு நேரே ஒரு பையனின் கை மேல்கம்பியைப் பிடித்திருந்தது. அகலமான உள்ளங்கை, நீளமான விரல்கள். நான் அதையே பார்த்துக்கொண்டு வந்திருக்கிறேன் போல. "என்னாம்மா, ஏதாச்சும் வேணுமா?" என்றான். "ஒண்ணுமில்லப்பா. கை நல்லாருக்கு," என்றேன். அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டான். அது அவன் இறங்க வேண்டிய நிறுத்தம் இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

உங்களிடம் சொல்வதற்கென்ன, இது எனக்குப் பழைய வியாதி. கல்லூரி முடித்த கையோடு நான் சேர்ந்த வேலை அப்படி. உழவர்கரையில் ஒரு தகரக் கொட்டகையில் வேட்டைக் கத்தி செய்தார்கள். புதுச்சேரியில் வேட்டையாட என்ன இருக்கிறது என்று கேட்காதீர்கள், கொசுவைத் தவிர ஒன்றும் கிடையாது. வாங்குகிறவர்கள் எல்லாம் பிரான்சில் இருந்தார்கள். காட்டுப்பன்றி அடிக்கிறவர்கள், மான் தேடிப் போகிறவர்கள், மலையில் கூடாரம் போடுகிறவர்கள். எங்களில் யாரும் காட்டுப்பன்றியைப் படத்தில்கூடச் சரியாகப் பார்த்ததில்லை. கத்தியின் கூர்மையைப் பூசணிக்காயில் சோதித்தோம். பட்டறையில் வாரத்துக்கு நாலு நாள் பூசணிக்காய்க் கூட்டுதான்.

முதலாளியை நாங்கள் எல்லாரும் பிரெஞ்சு மரியாதையில் முசியே என்றுதான் கூப்பிடுவோம். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். ராணுவத்தில் அவர் கத்தியால் செய்த ஒரே காரியம் உருளைக்கிழங்கு உரித்தது என்று அவரே சொல்வார். லாரி ஸ்பிரிங் பட்டாவை வெட்டி, தேய்த்து, சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கும்போது ஒரு வாசனை வருமே, அது என் புடவையிலேயே குடியிருந்தது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த ஒரு பெண், "பஜ்ஜிக் கடை வச்சிருக்கீங்களா?" என்று ஆசையாகக் கேட்டிருக்கிறாள்.

முசியேவுக்கு ஒரு கொள்கை உண்டு. ஒரு கைக்கு ஒரு கத்தி. ஆர்டர் கொடுப்பவர் வலது கையைத் தாளில் வைத்து, பென்சிலால் சுற்றிக் கோடு போட்டு அனுப்ப வேண்டும். அந்தத் தாள்களைக் கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டிருப்போம். காற்றடித்தால் பிரான்ஸ் தேசமே டாட்டா காட்டும். தாளைப் பார்த்தே கத்தியின் பிடியைச் செதுக்கிவிடலாமே என்று நான் ஒருநாள் கேட்டேன். "தாளுக்கு உறுத்துமாம்மா? கைக்குத்தானே உறுத்தும்," என்றார். ஆகவே தாளுக்குப் பொருந்துகிற கை ஒன்றை ஊரில் தேடிப் பிடித்து, அதைக் கொண்டுவந்து, பிடியை அரத்தால் ராவி ராவி அந்தக் கைக்கு ஒத்துப் பார்க்க வேண்டும். முசியேவுக்குப் பிரெஞ்சு பேசத்தான் வரும், கடிதம் படிக்கத்தான் என்னைச் சேர்த்தார்கள். காலையில் கடிதம் படித்தேன். மத்தியானத்துக்கு மேல் கை தேடினேன்.

லியோன் நகரத்து வக்கீல் ஒருவரின் கை, எங்கள் தெருமுனைப் பரோட்டா மாஸ்டரிடம் இருந்தது. அன்றிலிருந்து மாஸ்டருக்கு லியோன்காரர் என்றே பெயர். அவரும் அதைப் பொறுப்பாக எடுத்துக்கொண்டார். "நம்ம ஆளு என்ன எழுதியிருக்காரு? அங்க பனியா?" என்று விசாரிப்பார். மணிக்கட்டு பிசகிவிட்டது என்று வக்கீல் எழுதியிருந்ததை நான் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். மறுநாள் மாஸ்டர் மணிக்கட்டில் துணி சுற்றிக்கொண்டு கல்லுக்கு ஓய்வு கொடுத்துவிட்டார். உழவர்கரைக்கே அன்று பரோட்டா இல்லை.

எங்களை ஆட்டிவைத்தவர் பிரான்சில் தூலூஸ் நகரத்து வாடிக்கையாளர் ஒருவர், எங்களுக்குத் தூலூஸ்காரர். அவர் அனுப்பிய கை ஒரு தினுசு. உள்ளங்கை அகலம், கட்டைவிரல் கோபித்துக்கொண்டு விலகியிருக்கும், சுண்டுவிரல் உள்பக்கம் வளைந்திருக்கும். கிட்டத்தட்டப் பொருந்துகிற கைகளை வைத்து ஒப்பேற்றினோம். இரண்டு முறை கத்தி திரும்பி வந்தது. "மிக அழகான கத்தி. ஆனால் வேறு யாருடையதோ," என்று எழுதியிருந்தார். முசியே இரண்டு நாள் சாப்பிடவில்லை. பிறகு சொன்னார்: "இன்னொருவாட்டி திரும்பி வந்துச்சுன்னா கைக்குச் செய்யறத வுட்டுடறேன். எல்லாத்தயும் ஒரே அளவுல செஞ்சு கடைக்குப் போட்டுடலாம். லெட்டரும் வராது. அப்புறம் உனக்கு இங்க என்னம்மா வேல?"

எனக்கு அந்த வேலை வேண்டும். வீட்டை விட்டு வெளியே இருக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான். மூன்று மாதம் அலைந்தேன். மீன் மார்க்கெட்டில் தாளோடு ஆண்கள் கையைப் பார்த்துக்கொண்டு நின்றதில் எனக்கு ரேகை ஜோசியம் தெரியும் என்று வரிசை கட்டிவிட்டார்கள். "எனக்கு பிரான்ஸ் போற யோகம் இருக்கா பாரு தங்கச்சி," என்று ஒருவர் கையை நீட்டினார். தாளில் வைத்துப் பார்த்து, "உங்க கை அதுக்குக் கொஞ்சம் சின்னதுண்ணா," என்று உண்மையைச் சொன்னேன். மனிதர் வாடிப் போய்விட்டார்.

இந்த லட்சணத்தில் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். வில்லியனூர்ப் பக்கம், மாப்பிள்ளை மின்துறையில் வேலை. காப்பித் தட்டை நீட்டினேன். தம்ளரை எடுக்க ஒரு கை வந்தது. கட்டைவிரல் விலகியிருந்தது, சுண்டுவிரல் வளைந்திருந்தது. உள்ளே ஓடிப்போய்க் கைப்பையிலிருந்து தாளை எடுத்து வந்து அவர் முன்னால் விரித்தேன். "வலது கைய இதும் மேல கொஞ்சம் வைக்கிறீங்களா?"

வைத்தார். கோட்டுக்கும் கைக்கும் நடுவே ஒரு நூல் நுழையாது. "இருக்கு!" என்று கத்திவிட்டேன். "எந்த வேலைல இருக்குது உங்க பொண்ணு?" என்று அவருடைய அம்மா கேட்டார். "கத்தி வேல," என்றேன் நானே. கேசரியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார்கள். "மாப்ளை மொகம் எப்படிடி இருந்துச்சு, அதயாவது பாத்தியா?" என்று அம்மா அழுதாள். பார்க்கவில்லை.

அடுத்த நாள் சாயங்காலம் அவர் பட்டறை வாசலில் மொபெட்டை நிறுத்தினார். "வூட்ல வேணாம்னுட்டாங்க. கைய மட்டுமாவது குடுத்துட்டுப் போலாம்னு வந்தேன்," என்றார்.

பத்துப் பன்னிரண்டு சாயங்காலம் வந்திருப்பார். முசியே ராவுவார், அவர் பிடித்துப் பார்த்து, கண்ணை மூடி, "இங்க லேசா இடிக்குதுங்க," என்பார். பூசணிக்காயை நறுக்குவார். கூட்டு சாப்பிடுவார். அந்த நாட்களில்தான் முகத்தைப் பார்த்தேன். நல்ல முகம். கத்தி முடிந்த அன்று மொபெட்டைக் கிளப்பாமல் நின்றார். "என் கைக்கு இன்னும் ஏதாச்சும் ஆர்டர் வருமாங்க?"

"இல்லீங்க. அவரு ஒரு கத்திதான் கேட்டாரு," என்றேன். இரண்டு மொழி தெரிந்தவள் என்று எனக்குச் சம்பளம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"கடைசியில் என் கத்தி," என்று தூலூஸ்காரர் எழுதினார். வேலை நிலைத்தது. ஒன்றரை வருடம் கழித்து, அதே பிடியில் சின்னதாக இன்னொன்று வேண்டும் என்று கேட்டு எழுதினார். அந்தக் கடிதத்தைப் படித்து எனக்கு வந்த சந்தோஷம் ஒரு கத்திக்கு வருகிற சந்தோஷம் இல்லை. பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வில்லியனூருக்கு பஸ் ஏறினேன். கதவைத் திறந்தது அவருடைய மனைவி. கல்யாணம் ஆகியிருக்கும் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை என்று இன்றுவரை தெரியவில்லை.

அவர் சிரித்தபடி தாளில் கையை வைத்தார். பென்சில் கோடு எங்கேயும் தெரியவில்லை. சுற்றிலும் சதை மூடியிருந்தது. "எல்லாம் நம்ம சமையல்தான்க்கா," என்று அந்தப் பெண் பெருமையாகச் சொன்னாள். அவர் கையை எடுக்காமல் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். "கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாமே நீங்க."

"ஆர்டர் இப்பதாங்க வந்துச்சு," என்றேன்.

இப்போது அந்தக் கொட்டகை இருந்த இடத்தில் அடுக்குமாடி நிற்கிறது. முசியே இல்லை. பரோட்டா மாஸ்டர் கடையில் செல்போன் கவர் விற்கிறார்கள். வேட்டைக்காரர்கள் கையைப் போனில் படம் பிடித்து அனுப்பினால் சேதராப்பட்டு ஃபாக்டரியில் மெஷினே பிடியைக் கடைந்துவிடுகிறதாம், பிசகே வராதாம். நல்லதுதான். ஒரு கையைத் தேடி யாரும் ஊரெல்லாம் அலைய வேண்டியதில்லை. கிடைத்த பிறகு, அது எதற்குக் கிடைத்தது என்று தெரியாமல், அதற்கு ஒரு கத்தியைச் செய்து பார்சல் கட்டி அனுப்பவும் வேண்டியதில்லை.